என் தலைக்கு மேலே போன குத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் சுற்றி வளைத்துக் கேட்கத் தேவையில்லை. என் உயரம் ஒரு மீற்றர் அறுபத்து மூன்று. சப்பாத்தோடு அளந்தால் கொஞ்சம் கூட. அதற்கு மேல் எனக்கு இழுத்துச் சொல்லத் தெரியாது. சுவிஸில் பிறந்து, சுவிஸ் பால் குடித்து, சீஸ் தின்று வளர்ந்தும் இவ்வளவுதான் வந்தது. எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கட்டையன் என்றால் அது நான்தான்.

வேலை நாட்களில் கட்டடங்களுக்கு வயர் இழுக்கிறேன். வார இறுதியில் ஐஸ் ஹொக்கியில் லைன்ஸ்மன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விசில் ஊதித் தண்டனை கொடுக்கிற நடுவர்கள் இரண்டு பேர். அவர்களோடு கோடுகளைப் பார்க்கிற லைன்ஸ்மன்கள் இரண்டு பேர். 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வட்டைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடக்குவது பெரும்பாலும் நாங்கள். பக்குக்கு முன்னால் எவன் கோட்டைத் தாண்டினான் என்று பார்த்துக் கை தூக்குவதும் நாங்கள். இன்னொரு வேலையும் உண்டு. வீரர்கள் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடிபடத் தொடங்கினால், நடுவர்கள் தள்ளி நின்று எவன் என்ன செய்தான் என்று பார்ப்பார்கள். நடுவில் போய்ப் பிரிக்க வேண்டியது லைன்ஸ்மன்.

சுவிஸில் இப்படி அடிபடுவது அடிக்கடி நடக்காது. நடந்தால் பிரிக்க ஆள் வேண்டும். என் வாழ்க்கையைப் பிடித்த சனியன் அந்த ஒரு வேலைதான்.

எம்மன்புரூக்கே என்கிற ஊரில் நான் வளர்ந்த தெருவில் தமிழ்ப் பெடியன்கள் கிரிக்கெட் அடித்தார்கள், உதைபந்து விளையாடினார்கள். ஐஸ் ஹொக்கிக்குப் போனவன் நான் மட்டும். குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்போடு ஐஸ்தளத்துக்குக் கூட்டிப்போனார்கள். மற்றப் பிள்ளைகள் ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது எனக்கு அது வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் தெரியாது, வந்தது. அன்றைக்குப் பிடித்த விசர் இன்றைக்கும் விடவில்லை.

பதினாறு வயதுவரை ஒரு கழகத்தின் இளையோர் அணியில் விளையாடினேன். ஒரு நாள் பயிற்சியாளர் என்னை நடைபாதையில் நிறுத்தி, நீ நன்றாக ஓடுகிறாய், ஆட்டத்தைப் படிக்கிறாய், ஆனால் இந்த உடம்போடு மேலே போக முடியாது என்றார். உடம்பு வளர்ந்தால் திரும்பி வா என்றும் சொன்னார். உடம்பென்ன கடையில் விற்கிற சாமானா, போய் வாங்கிக்கொண்டு வருவதற்கு? எனக்குக் கண்மண் தெரியாத கோபம். வீட்டுக்கு வந்து கதவை அடித்துச் சாத்தினேன். அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தவர், கதவு உடைந்தால் வீட்டுக்காரன் கேட்பான் என்று மட்டும் சொன்னார்.

ஐஸை விட்டுப் போகமாட்டேன் என்ற ஒரே பிடிவாதத்தில்தான் லைன்ஸ்மன் பயிற்சிக்குப் போனேன். விளையாட விடாவிட்டால் போங்கள், உங்கள் நடுவிலேயே நின்று காட்டுகிறேன் என்ற வீம்பு. சின்னப் பிள்ளைகளின் ஆட்டம், கிராமத்து அணிகளின் ஆட்டம் என்று வருடக்கணக்காக ஓடி, முழுநேரமாகச் சம்பளத்துக்கு விளையாடுகிறவர்களின் இரண்டாவது பிரிவு வரை வந்துவிட்டேன்.

அங்கே நின்று பார்த்ததைச் சொல்கிறேன். டிவியில் பார்க்கிறவனும் கதிரையில் இருந்து கத்துகிறவனும் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஐஸ் ஹொக்கிக்கு உயரமும் முரட்டுத்தனமும்தான் வேண்டும் என்பார் ஒருவர். அதெல்லாம் பழைய கதை, இப்போது வேகம்தான் என்பார் இன்னொருவர். நான் அவர்களுடைய மூச்சுக் காற்று முகத்தில் படுகிற தூரத்தில் நிற்கிறவன். கோல் வலைக்கு முன்னால் ஒரு பெரிய உடம்பு வந்து நின்றால் அதை நகர்த்த முடியாது, அது உண்மை. சும்மா சொல்லக்கூடாது, உயரமானவனுக்குக் கையும் நீளம், தடியும் நீளம். ஆனால் மூலையில் சுவரோடு பக் மாட்டிக்கொண்டால் கதை வேறு. பெரியவன் மேலிருந்து தள்ளுவான், சின்னவன் இடுப்பைத் தாழ்த்திக் கீழால் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். முரட்டுத்தனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு முன் பயத்தில் வாந்தி எடுக்கிற மலைகளை நான் கண்டிருக்கிறேன். அடி வாங்கிய அதே மூலைக்கு அடுத்த நிமிடம் திரும்பிப் போகிறவன் எவனோ, அவனைத்தான் நான் பலசாலி என்பேன். அவன் எத்தனை கிலோ என்று எனக்குக் கவலையில்லை.

போன குளிர்காலத்தில் முதல் பிரிவில் சில ஆட்டங்களுக்கு என்னைப் பரீட்சார்த்தமாகப் போட்டார்கள். அடுத்த பருவத்துக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் இருந்தது. முடிவு செய்கிறவர் லைன்ஸ்மன்களின் மேற்பார்வையாளர். அவர் முன்னாள் பின்கள வீரர். கதவால் வந்தால் கதவு தெரியாது, அப்படி ஒரு உடம்பு. கெட்ட மனுஷன் இல்லை. மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, கோடுகளில் உன்னிடம் ஒரு பிழையும் காணவில்லை, ஓட்டமும் நல்லது என்றார். பிறகு கேட்டார், நூறு கிலோ ஆட்கள் இரண்டு பேர் அடிபட்டால் என்ன செய்வாய் என்று.

பிரிப்பேன் என்றேன்.

"எதை வைத்து?" என்று கேட்டார்.

நக்கலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். பதினாறு வயதில் கேட்ட அதே பாட்டு, வேறு வாயில். டாவோஸில் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான் கடைசி, அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். இடம் கிடைக்காவிட்டால் நான் திரும்பக் கீழேதான். எனக்கு முப்பத்திரண்டு வயது, இன்னொரு முறை கூப்பிடமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டாவோஸ் என்றதும் அப்பா தானும் வருகிறேன் என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில்தான் சட்டி கழுவினார். அந்தத் தொட்டியை உயரமான ஆட்களுக்குக் கட்டியிருந்தார்கள். அப்பாவுக்குக் கை எட்டாது. பால் போத்தல் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் கழுவுவாராம். அங்கிருந்து எம்மன்புரூக்கே தொழிற்சாலைக்கு வந்த பிறகு அவர் டாவோஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. என் ஆட்டம் ஒன்றுக்கும் அதுவரை வந்ததில்லை. "அவங்கட உடம்புக்கு முன்னால நாங்கள் எம்மாத்திரம்? உனக்கேன் உந்த வேலை?" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு.

அப்பாவிடம் உயரத்தைப் பற்றி ஒரு சொல் பேச முடியாது. அதற்குக் காரணம் உண்டு, அது நடந்தபோது நான் அங்கேயே நின்றேன்.

எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது இருக்கும். அந்த நாட்களில் சுவிஸ் முழுக்க எங்கள் ஆட்கள் ஊருக்கொரு அணி வைத்துக் கோடையில் கரப்பந்தாட்டப் போட்டி நடத்துவார்கள். அப்பாவின் ஊர் அணிக்குத் தலைவர் அவருடைய உயிர் நண்பர். ஒரே வகுப்பில் படித்து, ஒன்றாக வந்து, ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிற இரண்டு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வரவேற்பறையில் எல்லோரும் கூடி அணியைத் தெரிவு செய்தார்கள். இம்முறை உயரமான பெடியன்களைத்தான் போடுவது என்று முடிவு. அப்பா தான் எந்த இடத்தில் நிற்பது என்று கேட்டார்.

"நீ கட்டை மச்சான். வலைக்கு முன்னால நிண்டு என்ன செய்யப்போறாய்? வெளியில நிண்டு கை தட்டு," என்றார் நண்பர்.

ஓரிருவர் சிரித்துவிட்டார்கள். அப்பா எழுந்தார், நண்பரும் எழுந்தார். நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நின்றார்கள். வார்த்தை தடித்து, பெற்றோரை இழுத்து, பிறகு வார்த்தையும் நின்றுபோனது. அதுதான் மோசமான கட்டம். அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். தேத்தண்ணித் தட்டை என் கையில் திணித்து, "கொண்டு போ, கெதியா" என்று முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினார்.

பெரியவர்கள் ஒருவரும் நடுவில் போகத் துணியவில்லை. நான் அவர்களுடைய முழங்கைகளுக்குக் கீழால் போனேன். அப்பாவின் வலக்கை மேலே எழும்பியிருந்தது. எனக்குத் தட்டுப் பாரம், ஒரு கப்பையாவது இறக்கினால் போதும் என்றிருந்தது. கப்பை எடுத்து அந்தக் கையிலேயே வைத்தேன். கை தானாக அதைப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீடுகளில் தேத்தண்ணி கைக்கு வந்தால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, வாங்கிய கப்பைக் குடிக்காமல் கீழே வைப்பதும் இல்லை. அப்பா கப்பைப் பார்த்தார். ஓங்கிய கையில் சுடச்சுடத் தேத்தண்ணி. இனி அவர் என்ன செய்வது? மற்றக் கப்பை நண்பரிடம் நீட்டினேன். அவரும் வாங்கினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு இருந்து குடித்தார்கள். யாரோ சீனி காணாது என்றார், அம்மா சீனிப் போத்தலைக் கொண்டுவந்தார்.

அப்பா அதற்குப் பிறகு கரப்பந்தாட்டத்தைத் தொடவில்லை. நண்பர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள், கிழமைக்கு ஒரு தடவையாவது போனில் கதைப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் வீட்டில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

டாவோஸ் ஆட்டம் பிற்பகலில். நான் காலையிலேயே போய்விட்டேன். அம்மாவும் அப்பாவும் ரயிலில் வந்தார்கள். சேலைக்கு மேல் தடித்த ஜக்கெட்டும், கையில் தேத்தண்ணிப் போத்தலும், ஒரு பெட்டி நிறைய வீட்டில் பொரித்த ரோல்ஸும் கொண்டு அம்மா வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். சுவிஸ் ஆட்கள் பியர் குடித்துத் தொத்திறைச்சி தின்கிற இடத்தில் இருந்து அவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ரோல்ஸ் கொடுத்திருக்கிறார்.

என்னோடு அன்று நின்ற மற்ற லைன்ஸ்மன் அனுபவசாலி, ஆறடிக்கு மேல். உடை மாற்றும்போது அவர், சண்டை வந்தால் நான் பெரியவனைப் பிடிக்கிறேன், நீ சின்னவனைப் பிடி என்றார். நியாயமான யோசனைதான். இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. சரி என்றேன்.

டாவோஸ் அணியில் ஒரு முன்கள வீரன் இருந்தான். என்னைவிட இரண்டு விரல் உயரம், அவ்வளவுதான். ஒரு தடவை பக்கைப் போட நான் குனிந்தபோது அவன், இங்கே நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துக் கதைக்க ஒருவராவது இருக்கிறாரே என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கைப் போட்டேன். அவன் அன்று முழுக்க எதிரணியின் ஒரு பின்கள வீரனிடம் அடி வாங்கிக்கொண்டே இருந்தான். அந்தப் பின்கள வீரன் இரண்டு மீற்றர் வருவான். சின்னவன் விழுவான், எழும்புவான், மறுபடியும் அதே மூலைக்குப் போவான்.

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவதில் யாரோ அடித்த பக் பறந்து வந்து என் கூட்டாளியின் கணுக்காலில் பட்டது. அவரால் காலை ஊன்ற முடியவில்லை. இரண்டு பேராகத் தாங்கி வெளியே கொண்டுபோனார்கள். பதிலுக்கு ஆள் இல்லை. மூன்று பேராகத் தொடருவோம் என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். லைன்ஸ்மன் என்று மிஞ்சியது நான் ஒருவன். மேலே பார்த்தேன். மேற்பார்வையாளர் கை கட்டிக்கொண்டு இருந்தார்.

மூன்றாவது பகுதி, இரண்டு பக்கமும் சமம். சின்னவன் மூலையில் பக்கை எடுக்கக் குனிந்தான். இரண்டு மீற்றர்காரன் ஓடி வந்த வேகத்தில் அவனைச் சுவரோடு சேர்த்து இடித்தான். கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. சின்னவன் விழுந்து எழும்பவில்லை. நடுவர் விசில் ஊதினார். விசில் முடிவதற்குள் டாவோஸ் அணியின் பெரியவன் ஒருவன், அதுவும் ஒரு மலைதான், வந்து கையுறைகளை எறிந்தான். இரண்டு மீற்றர்காரனும் எறிந்தான். தொடங்கிவிட்டது.

மற்ற வீரர்கள் ஓடி வந்து சேராமல் தடுப்பதில் நடுவர்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு மலைகளுக்கும் பக்கத்தில் நின்றது நான் மட்டும். பயந்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. எதை வைத்து, எதை வைத்து என்று அந்தக் கேள்வி மண்டைக்குள் அடித்தது.

கைகள் வேகமாக ஓடும்போது உள்ளே போகக்கூடாது, அது எங்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம். காத்திருந்தேன். ஒருவனை ஒருவன் இடக்கையால் சட்டையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் குத்தினார்கள். பிறகு இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கத்தல் நின்றது. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. இதற்கு முன்னும் நான் அதற்குள் நின்றிருக்கிறேன் என்று உடம்புக்குத்தான் முதலில் பட்டது, மூளைக்குப் பிறகுதான் வந்தது.

என் காலடியில் இரண்டு மீற்றர்காரனின் கையுறை கிடந்தது. எடுத்தேன். பக்கவாட்டில், முழங்கைகளுக்குக் கீழால் நுழைந்தேன். அந்த நேரம் பார்த்து டாவோஸ்காரன் கடைசியாக ஒரு குத்து விட்டான். அது என் தலைக்கு மேலே போனது. ஹெல்மெட்டில் காற்றுத்தான் பட்டது. என் கூட்டாளியின் உயரம் எனக்கு இருந்திருந்தால் முன்பல் இரண்டும் டாவோஸிலேயே நின்றிருக்கும். குத்துத் தவறியதால் அவன் தடுமாறினான். மற்றவன் ஓங்கினான். அந்த ஓங்கிய கையில் கையுறையை வைத்தேன்.

விரல்கள் மூடிக்கொண்டன.

அவன் தன் கையைப் பார்த்தான். கையுறை. குத்துவதற்கு மூடிய கையில் தன்னுடைய கையுறையையே பிடித்துக்கொண்டு நின்றான். இவன் எதைப் பார்க்கிறான் என்று மற்றவனும் பார்த்தான். நான் நடுவில், இரண்டு பேருடைய தாடைகளுக்கும் கீழே நின்றேன். "ஃபெர்ட்டிக்" என்றேன். முடிந்தது என்று அர்த்தம். சத்தமாகச் சொல்லவில்லை, தேத்தண்ணி கொடுக்கிறபோது ஒருவரும் கத்துவதில்லை. இரண்டு மீற்றர்காரனின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன். வந்தான். மற்றவன் தன் கையுறைகளைத் தானே குனிந்து பொறுக்கினான்.

வெளியேறும் வாசல் வரை நான் இரண்டு மீற்றர்காரனோடு போனேன். சுவிஸில் சண்டை பிடித்தால் இரண்டு பேரும் வெளியேதான். வாசலில் அவன் நின்றான்.

"இதை ஏன் எனக்குத் தந்தாய்?" என்று கேட்டான்.

"கீழே விழுந்து கிடந்தது," என்றேன்.

மூக்கில் இரத்தம் வழிய வழிய அவன் சிரிக்கத் தொடங்கினான். அதுவரை என்ன நடந்தது என்று விளங்காமல் இருந்த சனம் பெரிய திரையில் திருப்பிப் போட்டதைப் பார்த்தது. முதலில் சிரிப்பு, பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டல். ஐஸ் ஹொக்கியில் லைன்ஸ்மனுக்கு ஒருவரும் கைதட்டுவதில்லை. எங்களைக் கண்டால் திட்டுவார்கள், இல்லையென்றால் காணமாட்டார்கள். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவன் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு மறுபடி இறங்கினான். வைத்தியரிடம் சண்டை பிடித்து வந்தான் என்று கேள்வி. அவன் போய் நின்றது கோல் வலைக்கு முன்னால், பெரிய உடம்புகளின் இடத்தில். பக் வந்தது. ஒரு பின்கள வீரனின் கைக்குக் கீழால் குனிந்து, தடியின் நுனியால் ஒரு தட்டு. கோல். அதுவே வென்ற கோல். லைன்ஸ்மன் ஒரு பக்கமும் சந்தோசப்படக்கூடாது, நான் படவுமில்லை. ஆனால் உள்ளே எனக்குத் திருவிழா.

உடை மாற்றும் அறைக்கு மேற்பார்வையாளர் வந்தார். வாசலில் குனிந்துதான் வந்தார். காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டிருந்த என் கூட்டாளியிடம் சுகம் விசாரித்தார். பிறகு என் முன்னால் நின்றார். அதை எங்கே படித்தாய் என்று கேட்டார். வீட்டில் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, நானும் விளக்கப் போகவில்லை.

"நான் இன்றைக்கு உனக்கு இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்," என்றார். "அடுத்த பருவம் நீ எங்களோடு நிற்கிறாய்."

கை கொடுத்தார். என் கை அவருடைய கைக்குள் காணாமல் போனது. பதினாறு வருடமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று அப்போது இறங்கியது. நன்றி என்று ஒழுங்காகச் சொன்னேனோ தெரியாது. அவர் போனதும் குளிக்கிற இடத்துக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, தமிழில்தான் கத்தினேன். கூட்டாளி நொண்டிக்கொண்டு ஓடி வந்து, வழுக்கி விழுந்துவிட்டாயா என்று கேட்டார்.

வெளியே வந்தபோது இருளத் தொடங்கியிருந்தது. பஸ் தரிப்பிடத்தில், ஒதுக்கிக் குவித்த பனிக்குப் பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் நின்றார்கள். குவியல் அப்பாவைவிட உயரம். என்னைக் கண்டதும் அப்பா முன்னால் வந்தார்.

"எடுத்திட்டாங்களோ?"

"ஓம் அப்பா."

அவர் தலையை ஆட்டினார், திரும்பத் திரும்ப ஆட்டினார். அம்மாதான் என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சிவிட்டு அப்பாவைப் பற்றிக் கோள் சொன்னார். "அடிபாடு தொடங்கினதும் முன்னால இருந்த எல்லாரும் எழும்பிட்டாங்கள். உவருக்கு ஒண்டும் தெரியேல்லை. கதிரைக்கு மேல ஏறி நிண்டிட்டார். பின்னால இருந்த மனுசி கத்தக் கத்த இறங்கேல்லை."

எனக்கு அந்தப் பால் போத்தல் பெட்டி ஞாபகம் வந்தது. சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றி என் கையில் தந்தார். தந்த பிறகு கப்பை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அண்டைக்கு நீ கப்பைத் தராட்டி நான் அவனை அடிச்சிருப்பன்," என்றார். "அடிச்சிருந்தா இந்த உலகத்தில எனக்குக் கதைக்க ஆளில்லை."

இருபது வருடத்துக்கு மேல். அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னார். அம்மா பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா உடனே கைபேசியை எடுத்தார். யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. கையுறை மாட்டிய விரலால் தட்டத் தெரியாமல் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார், தரிப்பிடத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பக்கம் அவருடைய நண்பர், எங்கள் ஊர்க் கரப்பந்தாட்ட அணியின் தலைவர், இருமிக்கொண்டு ஹலோ என்றார். அப்பா நடந்ததைச் சொன்னார். மூச்சு விடாமல் சொன்னார். பிரிக்க ஒருவரும் இல்லாததைச் சொன்னார், குத்து தலைக்கு மேலே போனதைச் சொன்னார், சனம் எழும்பி நின்று கை தட்டியதைச் சொன்னார். நண்பர் இடைக்கிடை ஐயோ, ஐயோ என்றார். கடைசியில் கேட்டார்.

"ஆக்கள் நல்ல பெரிய ஆக்களோ மச்சான்?"

அப்பா என்னை உச்சியிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். அவசரப்படவில்லை.

"ரெண்டு மீற்றர் எண்டு சொல்லுறாங்கள்," என்றார். "எங்கட பெடியனுக்குப் பக்கத்தில நிக்கேக்க அப்பிடியொண்டும் பெரிசாத் தெரியேல்லை."